“கோர்ட் நோட்டீஸ் வந்திருக்குண்ணே”: ஆன்லைன் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உசிலம்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு தங்கச்சி வந்து செல்லை நீட்டி, “அண்ணே, இதை ரெண்டு பிரிண்ட் எடுத்துக் குடுங்க” என்றது. கை நடுங்கியது. வாங்கிப் பார்த்தால் கோர்ட் நோட்டீஸ். 2016-இல் எனக்கு வந்த அதே வாசகம், தொகை மட்டும் வேறு.

ஓடிபி சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முன்பணம் கட்டுவது

வேலை தருகிறவர் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

போலி வக்கீலுக்குப் பயந்து பணம் கட்டுவது

இதைத்தான் என்னால் இன்றுவரை ஆறப்போட முடியவில்லை.

2016-இல் வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை, பதிவு இலவசம் என்றார்கள். ஆதார் நகலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு ஓர் ஒப்பந்தம் அனுப்பினார்கள். ஐந்து நாளில் 600 பக்கம் அடிக்க வேண்டும், 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். வந்த பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் கரைந்திருக்கும். ஆங்கில எல் எது, ஒன்று எது என்று தெரியாது. கமாவும் புள்ளியும் ஒன்றுபோலவே இருக்கும். யார் அடித்தாலும் தோற்க வேண்டும் என்றே தயாரித்த பக்கங்கள் அவை. இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து முடித்தேன். ‘83 சதவீதம், தேர்ச்சி இல்லை’ என்று அறிக்கை வந்தது. மறுநாள் அந்தக் கோர்ட் நோட்டீஸ் வந்தது, வக்கீல் என்று ஒருவர் கூப்பிட்டார். ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், நஷ்ட ஈடு கட்டு, இல்லாவிட்டால் போலீஸ் வரும் என்றார்.

அம்மா சீட்டுக்கு எடுத்து வைத்திருந்த 6,500 ரூபாயைக் கட்டினேன். மூன்றாம் நாள், வழக்கை முடித்ததற்குத் தடையில்லாச் சான்று வாங்க இன்னும் 4,000 என்றார்கள். அதையும் கட்டினேன். நான் ஒருமுறை பயந்துவிட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்த பிறகு வேறென்ன கேட்பார்கள்? எங்கள் ஊரிலேயே கோர்ட் இருக்கிறது. அங்கே ஒரு வக்கீலிடம் இரண்டு நிமிடம் கேட்டிருந்தால் போதும். வெளியே தெரிந்தால் அவமானம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று எனக்குத் தெரியாமல் போனது இதுதான். வேலையைச் சரியாக முடிக்கவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும் அது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் கைது செய்யாது. ஒப்பந்தத்தில் அபராதம் எவ்வளவு எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி நியாயமான இழப்பீட்டைத்தான் கோர்ட் தரச் சொல்லும். வழக்கு நிஜமென்றால் அதற்கு எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண் இருக்கும், அது அந்த வழக்குக்கான அடையாள எண். கோர்ட்டுகளின் ஈகோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பார்க்கலாம். எந்தக் கோர்ட்டும் ஜிபே நம்பர் அனுப்பாது.

அந்தத் தங்கச்சியின் நோட்டீஸைச் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். மேலே சிங்க முத்திரை, ஏதோ வெளிமாநிலக் கோர்ட்டின் பெயர், ‘இன்று மாலை 5 மணிக்குள்’ என்று சிவப்பில் ஒரு வரி. வழக்கு எண் எங்கேயும் இல்லை. “போலீஸ் வீட்டுக்கு வருமாண்ணே? அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திருவாரு” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டது. வராதும்மா என்று சொல்லி, பதில் எதுவும் போடவேண்டாம், மெசேஜ் எதையும் அழிக்கவேண்டாம் என்றேன். அப்புறம் 15100-க்குக் கூப்பிட வைத்தேன். அது இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, நேரிலும் போகலாம். நாலு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தங்கச்சியை மிரட்டிய ‘வக்கீல்’ நிறுத்திக்கொண்டார்.

முதலில் வந்த 150 ரூபாயை நம்புவது

டெலிகிராமில் ஓட்டலுக்கு ரேட்டிங் போடும் வேலை. முதல் நாள் நிஜமாகவே பணம் வரும். அடுத்து 1,000 கட்டினால் 1,300. பிறகு 5,000, பிறகு 20,000. திரையில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் வரி கட்டு என்பார்கள். குழுவில் ‘எனக்கு வந்துருச்சு’ என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களும் அவர்களுடைய ஆட்களே.

வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது

கல்லூரிப் பிள்ளைகள் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை. கணக்கையும் சிம்மையும் கொடுத்தால் கமிஷன் என்பார்கள். அதன் வழியே போவது இன்னொரு வீட்டில் திருடிய பணம். புகார் வந்தால் கணக்கு முடங்கும், வேறு மாநிலப் போலீஸ் தேடி வரும். இங்கே பதில் சொல்ல வேண்டியது கணக்குக்காரர்தான்.

சுற்றுலா விசாவில் வேலைக்குக் கிளம்புவது

கிளம்பாதீர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இதே மோசடிகளைச் செய்ய வைத்தார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அங்கிருந்து விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் அரசுத் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். மேலூர்ப் பக்கம் நிலத்தை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது

பணம் போய்விட்டால் 1930. அது சைபர் மோசடிப் புகார் எண். உடனே கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் புகார் போனால் வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. கூப்பிடும்போது பணம் அனுப்பிய நேரமும் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணும் கையில் இருக்கட்டும்.