‘வெக்கை’யையும் ‘அசுரன்’ படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி?

நாவலையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் ஒப்பிட உட்கார்ந்தால் முதலில் தேட வேண்டியது ஒன்றுதான்: கதை யார் கூடவே நடக்கிறது? அந்த ஆள் மாறியிருந்தால், மற்ற மாற்றங்களில் பாதி அதன் பின்னாலேயே வந்துவிடும். பழகிப் பார்க்கப் பூமணியின் ‘வெக்கை’யும் (1982) வெற்றிமாறனின் ‘அசுர’னும் (2019) அருமையான ஜோடி.

நாவலை முதலில் படியுங்கள். படத்தை முதலில் பார்த்துவிட்டால் அய்யாவுக்கு, அதாவது நாவலின் அப்பாவுக்கு, தனுஷ் முகம் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிய்த்தெடுக்க முடியாது. படத்தை முதல் தடவை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் பாருங்கள். இரண்டாம் தடவை நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: நாவலில் நடப்பது, படத்தில் நடப்பது, அங்கே யாருடைய பார்வை. நாவலுக்குப் பக்க எண், படத்துக்கு மணி, நிமிடம். பதினைந்து இருபது சம்பவம் போதும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் எந்தப் பதிப்பு என்று மேலே எழுதிவிடுங்கள்.

அதிக நேரத்தைத் தொடக்கத்துக்குக் கொடுங்கள். நாவல் கொலையிலேயே ஆரம்பிக்கிறது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டத்தான் பதினைந்து வயதுச் சிதம்பரம் போகிறான், ஆளே செத்துப்போகிறான். அந்த இடத்தில் அப்பா இல்லை. படம் கொலைக்குப் பிந்தைய இரவில், தண்ணீரில் இறங்கி நடக்கும் அப்பாவும் மகனுமாகத் தொடங்குகிறது. கதை மகனிடமிருந்து அப்பாவிடம் கைமாறியது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இனி மூன்றாவது கட்டத்தைப் பார்த்துக்கொண்டே போனால் சேர்க்கைகளுக்குக் காரணம் பிடிபடும். படத்தின் அப்பா சிவசாமி ஊரில் வீடு வீடாகப் போய்க் காலில் விழுகிறார். இப்படிப் பணிகிறவர் மையமானால், அந்தப் பணிவு எங்கிருந்து வந்தது என்று படம் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் நாவலில் இல்லாத நீண்ட முன்கதை: பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று வெள்ளையர் ஆட்சியில் ஒதுக்கிய நிலம்), செருப்புப் போட்டதற்காக வரும் அவமானம், தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைக் குடிசையோடு எரித்த 1968 கீழ்வெண்மணியை நினைவூட்டும் தீவைப்பு. சாதிப் பெயரைச் சொல்லாமலே போகும் நாவல், படத்தில் வெளிப்படையான நில, சாதிக் கதையாகிறது. ஈடாக இழந்ததையும் எழுதுங்கள்: காட்டில் ஒளிந்து, கிடைத்ததைத் தின்று, பேசிப் பேசி நகரும் அந்த நிதானமான நாட்கள் படத்தில் துரத்தலாகச் சுருங்கிவிட்டன.

பலர் சறுக்குவது விடுபட்டவற்றை அடுக்குவதில். ‘இது இல்லை, அது இல்லை’ என்பது பட்டியல்தான், ஒப்பீடு ஆகாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ‘இதனால் என்ன ஆயிற்று?’ என்று ஒரு வரியாவது வேண்டும். வசனத்தைச் சப்டைட்டிலிலிருந்து எடுக்காதீர்கள்; கரிசல் பேச்சு அதில் கரைந்துவிடும். காதால் கேட்டு எழுதுங்கள். படிப்பை மட்டும் யாராலும் பறிக்க முடியாது என்ற புகழ்பெற்ற வசனம் படத்துடையது; பூமணியின் வரியாக எழுதிவிடாதீர்கள்.

முடிவையும் இதே போல் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் கோர்ட்டை நோக்கித்தான் போகின்றன. நாவலில் சிதம்பரம் தான் செய்ததோடு தானே நடந்து போகிறான். படத்தில் அதையும் அப்பா தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.