ஆக்ஸால்ப்பில் படத்தில் மலை மட்டும் தெளிவாக விழுந்தது

சுவிட்சர்லாந்தில் பிரியென்ஸ் ஏரிக்கு மேலே ஆக்ஸால்ப். அக்டோபரில் சுவிஸ் விமானப்படையின் குறிபார்த்துச் சுடும் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். 2,000 மீட்டருக்கு மேல் ஏறி நின்றால் எஃப்/ஏ-18 ஹார்னெட் போர் விமானம் நம் காலுக்குக் கீழே பறக்கும்! முதல் நாள் படங்களில் பாறையின் விரிசல் வரை தெளிவு, ஜெட் மட்டும் கலங்கல். பின்னால் வானம் இல்லையே, மலைச்சரிவுதானே; கேமரா தானாகக் குவியம் பிடிக்கும் ஆட்டோ ஃபோகஸ் அதற்கே தாவிவிட்டது.

சரி என்று கேமரா அமைப்புகளை இரவே மாற்றினேன். ஃபோகஸ் பிடிக்க நடுவில் சின்னப் புள்ளிக்கொத்து மட்டும், நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ், வேறொன்றுக்குச் சட்டென்று தாவாத அமைப்பு, ஷட்டர் வேகம் 1/1600 நொடி. மறுநாள் ஜெட் தூரத்தில் கொசு அளவு தெரியும்போதே பிடித்து, இடுப்பைத் திருப்பியபடியே தொடர்ந்தேன். விமானியின் ஹெல்மெட் வரை படத்தில் தெளிவாக விழுந்தது. குளிரில் பேட்டரி படுத்துவிட்டது. நல்லவேளை, இன்னொன்று சட்டைப்பைக்குள் சூடாக இருந்தது.