குழுக் கண்காட்சிக்குப் படம் கொடுக்கிறீர்களா? முதலில் பபுள் ராப்பைத் தள்ளி வையுங்கள்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு சின்ன கேலரியில் 'கார்னிவல்' என்ற தலைப்பில் குழுக் கண்காட்சிக்குப் படம் மாட்டிக்கொண்டிருந்தோம். 14 பேர், அதில் 9 பேருக்கு இதுதான் முதல் கண்காட்சி. கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு தம்பி குட்டியானை வண்டியிலிருந்து தன் கேன்வாஸை இறக்கி, படத்தோடு ஒட்டியிருந்த பபுள் ராப்பை, அதாவது காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் தாளைப் பிரித்தபோது 'சர்ர்'ரென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், எட்டு வருடத்துக்கு முன்னால் என் படத்திலிருந்தும் அதேதான் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கையெழுத்துப் போட மறப்பது, கொக்கி இல்லாமல் கொண்டுவருவது எல்லாம் முதல் தடவையிலேயே பழகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலைப்பைக் கேட்டதும் போனைத் திறப்பது

'கார்னிவல்' என்றதும் பாதிப்பேர் இணையத்தில் தேடி வெனிஸ் முகமூடியும் சிவப்பு மூக்கு ஜோக்கரும் வரைந்துவிடுகிறார்கள். தவக்காலத்துக்கு முன்னால் வருகிற அந்தக் கொண்டாட்டம் வெனிஸ்காரர்கள் பார்த்து வளர்ந்தது. நீங்கள் பார்த்து வளர்ந்தது வேறு. பொய்க்கால் குதிரை தஞ்சாவூரிலேயே இருக்கிறது. மன்னார்குடியில் பங்குனித் திருவிழா 18 நாள் நடக்கிறது, வெண்ணெய்த்தாழி அன்று ராஜகோபால சுவாமி மேல் சனங்கள் வெண்ணெய் வீசும்போது பக்கத்தில் நிற்கிறவர்களின் சட்டையிலும் தோளிலும் அது உருகி வழியும், அந்த மஞ்சள் கலந்த வெள்ளையைக் கொண்டுவர ஒரு மாதம் உழைக்கலாம். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி. அதை முழுசாகக் கேன்வாஸுக்குள் அடக்கப் பார்க்காமல், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் முதுகை மட்டும் வரைந்தாலே தேர் எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும். இந்தத் தடவை ஒரு பெண் ஜவ்வுமிட்டாய்க்காரரின் கழி உச்சியில் கைதட்டுகிற பொம்மையையும், கீழே ஒரு குழந்தையின் மணிக்கட்டில் பாதி தின்ற மிட்டாய் வாட்ச்சையும் வரைந்திருந்தாள். வந்தவர்கள் அதிக நேரம் நின்றது அந்தப் படத்தின் முன்னால்தான்.

ஃப்ளோரசன்ட் வண்ணம்

சீரியல் லைட்டை வரைவதற்காக இந்தப் பளீர் வண்ணத்தை ஆசைப்பட்டு வாங்காதீர்கள். வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும்.

பபுள் ராப்

"காய்ஞ்சிருச்சுண்ணே" என்றான் அந்தத் தம்பி. வார்னிஷ் எப்போது அடித்தாய் என்று கேட்டேன். "முந்தாநாள்ணே."

அவன் வரைந்தது அக்ரிலிக் வண்ணத்தில். அக்ரிலிக் என்பது ஒரு வகை பிளாஸ்டிக். தொட்டுப் பார்த்தால் கொஞ்ச நேரத்திலேயே காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் கனமாகப் பூசியிருந்தால் உள்ளே இருக்கிற ஈரம் போக வாரக்கணக்காகும். சரி, முழுசாகக் காய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் சூட்டில் இளகும். சித்திரை வெயிலில், தார்ப்பாய் மூடிய வண்டிக்குள், குமிழ்ப் பக்கம் படத்தில் படுகிற மாதிரி சுற்றி, டேப்பை இறுக்கி ஒட்டி, ஐந்து படத்தை ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடத்தினால் ஒவ்வொரு குமிழும் ஒரு அச்சாகிவிடும். திருவிழாப் படத்துக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் நாம் பெரும்பாலும் ராத்திரியைத்தான் வரைகிறோம். மேல்பாதி முழுக்கக் கறுத்த வானம். அந்தச் சமமான கறுப்பில்தான் குமிழ்த் தடம் வட்டம் வட்டமாகப் பளபளக்கும்.

என்னுடையது மூன்றடிக்கு நாலடி. நாகூர் தர்காவின் கந்தூரி விழா, ஐந்து மினாராவிலும் விளக்கு, மூன்று மாத வேலை. போட்டோவைப் பார்த்தே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லியிருந்தார். தடத்தைப் பார்த்ததும் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து வானத்தை மட்டும் திரும்பப் பூசினேன், அது அதைவிடப் பெரிய தவறு. அக்ரிலிக் காயும்போது ஒரு படி கறுக்கும், போதாததற்குப் பழைய பூச்சின் மேல் வார்னிஷ் வேறு இருந்தது, விடிந்து பார்த்தால் வானம் முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தது. அவர் வந்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, பத்து ரூபாய் அட்டையில் தடுத்திருக்கக்கூடிய நஷ்டம் அது.

படத்தின் முகத்தில் எதுவுமே படக்கூடாது. தடித்த அட்டையை மடித்து நாலு மூலைக்கும் குல்லா மாதிரி மாட்டுங்கள், மேலே படத்தைவிடச் சற்றுப் பெரிய அட்டை ஒன்றை வையுங்கள், அப்புறம்தான் பபுள் ராப், அதுவும் குமிழ் வெளிப்பக்கம் இருக்கும்படி. செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். வண்டியில் படத்தை நிற்க வைத்து ஏற்றுங்கள், விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள். வார்னிஷ் அடித்தால் குறைந்தது இரண்டு வாரம் தொடாதீர்கள். ஆயில் பெயின்ட் என்றால் மாதக்கணக்கு.

தம்பியின் படத்தைப் பக்கவாட்டு வெளிச்சம் விழாத மூலையில் மாட்டினோம். வேறு வழியில்லை.

உயரம்

சாமி படம் மாட்டுகிற உயரம் வேண்டாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

கண்ணாடி

தஞ்சாவூர் ஓவியம் கொடுக்கிறவர்கள் வாசலுக்கு எதிர்ச்சுவரைக் கேட்டு வாங்குகிறார்கள், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும் என்று. படுவது தெருவின் பிம்பம்தான், தங்கத் தாள் வேலை முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிடும். பக்கச் சுவரைக் கேளுங்கள்.

கழற்றும் நாள்

கடைசி நாள் சாயங்காலம் எல்லோருக்கும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், படம் விற்கவில்லை என்ற வருத்தம் வேறு, கையில் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கொண்டுவந்த அட்டைகளின் பின்னால் பெயர் எழுதி, கழற்றும் வரை பத்திரமாக வைத்திருங்கள். அந்தத் தம்பிக்கு நாலு மூலையையும் நானே வெட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வரும்வரை அவை என் பையில்தான் இருக்கும்.