அடி விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கும் தவறுகள்

பாரில் ஒரு சண்டை நடந்து முடிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "யார் முதல்ல கை வெச்சது?" போலீஸ் அதைத்தான் கேட்கிறது. கேமரா பதிவிலும் அதைத்தான் தேடுகிறார்கள். விடை கிடைத்து, ஒருவரை அழைத்துப் போன பிறகும், சில நாளில் அதே மூலையில் இன்னொரு சண்டை வருகிறது. பதிவை இன்னும் ஒரு மணி நேரம் பின்னால் ஓட்டிப் பார்த்தால் காரணம் தெரியும். ஏற்கெனவே நாக்கு குழறியவருக்கு அடுத்த கிளாஸை ஊற்றியது யார்? கழிவறைக்குப் போகும் ஒற்றை வழியில் எத்தனை பேர் இடித்துக்கொண்டு நின்றார்கள்? பக்கத்து மேசைப் பெண் இரண்டு முறை முறையிட்டபோது யார் காது கொடுக்கவில்லை?

வேகமாக வளரும் நகரத்தில் இந்தத் தவறுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. புதுப் புது பார்கள் திறக்கின்றன. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் இன்று கவுன்டரில் நிற்கிறார். கூட்டம் இரட்டிப்பாகிறது. இரவுப் பேருந்து மட்டும் பழைய நேரத்திலேயே நின்றுவிடுகிறது.

பரிமாறுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, எதிரில் நிற்பவரின் இப்போதைய நிலையைப் பார்த்து அடுத்த கிளாஸை முடிவு செய்வது. குடித்த மது ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். ஆக, "நல்லாத்தானே பேசறார்" என்று நீங்கள் பார்ப்பது முன்பு குடித்ததன் விளைவை. இப்போது கையில் இருக்கும் கிளாஸின் போதை இன்னும் வரவே இல்லை. கணக்கையும் பார்த்துவிடலாம். ஐந்து சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நாற்பது சதவீத மது 60 மில்லி என்றால் சுமார் 19 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் கழிப்பதோ தோராயமாகப் பத்து கிராம்தான். ஒரு மணி நேரத்தில் அந்த 60 மில்லியை மூன்று முறை வாங்கியவர் உடம்பில் 57 கிராம் இறங்கியிருக்கிறது. அதில் பெரும்பகுதி அப்படியே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். தள்ளாடத் தொடங்கிய பிறகு நிறுத்தினால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அவர் இன்னும் மோசமாகத்தான் போவார்.

அதனால் தள்ளாட்டத்துக்கு முந்திய அறிகுறிகளைப் பிடிக்க வேண்டும். குரல் ஏறுகிறது. சொன்னதையே திரும்பச் சொல்கிறார். மீதிச் சில்லறையைத் தவற விடுகிறார். குடிக்கும் வேகம் கூடுகிறது. முன்பின் தெரியாதவரின் மேசையில் போய் உட்கார்கிறார். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே வேகத்தைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது: தண்ணீர், சாப்பிட ஏதாவது, அடுத்த ஆர்டருக்குக் கொஞ்சம் தாமதம். பழகிய வாடிக்கையாளர் என்பதற்காக அளவுக் கோப்பை இல்லாமல் கையளவாக ஊற்றுவது அன்பு போலத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவர் எவ்வளவு குடித்தார் என்ற கணக்கே யாரிடமும் இருக்காது.

இந்தப் பழியைப் பரிமாறுகிறவர் தலையில் மட்டும் போடுவதும் நியாயமில்லை. எவ்வளவு விற்கிறாயோ அவ்வளவு ஊக்கத்தொகை என்று சொல்லிவிட்டு, பொறுப்பாகப் பரிமாறு என்று சுவரில் எழுதி ஒட்டும் முதலாளிதான் உண்மையில் அந்தக் கிளாஸை ஊற்றுகிறார். ஸ்டாக்ஹோமில் 1996-ல் ஒரு சோதனை செய்தார்கள். நன்றாகக் குடித்தவர்கள்போல் நடிக்கப் பழகிய நடிகர்களை பார்களுக்கு அனுப்பி மது கேட்க வைத்தார்கள். மறுத்தவர்கள் வெறும் 5 சதவீதம். அதன் பிறகு ஊழியர்களுக்குப் பயிற்சி, உரிமத்துறை, போலீஸ், முதலாளிகள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது, விதியை மீறினால் நடவடிக்கை என மூன்றும் சேர்ந்து நடந்தன. 1999-ல் மறுத்தவர்கள் 47 சதவீதம், 2001-ல் 70 சதவீதம். அந்தப் பகுதியில் வன்முறைக் குற்றங்கள் 29 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஒருநாள் வகுப்பு எடுத்து, சான்றிதழ் கொடுத்து, அதோடு விட்டுவிடும் ஊர்களில் இந்த மாற்றம் வரும் என்று நான் நம்பவில்லை.

மறுக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது, அதுவே பல சண்டைகளுக்குத் தொடக்கம். நண்பர்கள் முன்னால், சத்தமாக, "நீங்க ஓவராயிட்டீங்க, இனி கிடையாது" என்று சொன்னால் அவருக்கு மது போனது பெரிதாகத் தெரியாது, மானம் போனதுதான் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, "சார், இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம், தண்ணி கொண்டு வரேன், வண்டி சொல்லட்டுமா?" என்று கேட்பது வேறு. கூட வந்தவர்களில் தெளிவாக இருப்பவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது இன்னும் நல்லது. ஒருமுறை மறுத்துவிட்டால் கடையில் உள்ள எல்லோருக்கும் அது தெரிய வேண்டும். ஒரு கவுன்டரில் இல்லை என்றதை இன்னொரு கவுன்டரில் வாங்கிவிட்டால், மறுத்த ஊழியரைத்தான் அவர் தேடி வருவார்.

போதையில் ஒரு சின்ன இடிப்பு ஏன் கைகலப்பாகிறது என்பதற்கு உளவியலாளர்கள் ஸ்டீலும் ஜோசப்ஸும் 1990-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். மது பார்வையைக் குறுக்கிவிடுகிறது. கண்முன் நிற்கும் தூண்டுதல் பெரிதாகத் தெரியும். நாளை வேலை, வீட்டில் காத்திருப்பவர், போலீஸ், இவை எல்லாம் அந்தக் குறுகிய வட்டத்துக்கு வெளியே போய்விடும். இது புரிந்தால், இடத்தை அமைப்பதில் செய்யும் தவறும் புரியும். கவுன்டரில் வரிசையும், கழிவறை வழியும், நடன மேடையின் ஓரமும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டால், இரவு முழுவதும் நூற்றுக்கணக்கான இடிப்புகளை நாமே உண்டாக்குகிறோம். அதில் ஒன்று பற்றிக்கொண்டால் போதும். காலி கிளாஸ்களையும் பாட்டில்களையும் உடனுக்குடன் எடுத்துவிடுங்கள். கையில் கிடைப்பதைத்தான் எடுத்து அடிப்பார்கள்.

பவுன்சர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உடம்பைப் பார்த்து ஆள் எடுப்பது பெரிய தவறு. நல்ல பவுன்சர் சண்டைக்குப் பிறகு வருபவர் அல்ல, குரல் ஏறும்போதே அங்கே நிற்பவர். இரண்டு தரப்பையும் ஒரே வாசல் வழியாக ஒரே நேரத்தில் வெளியே தள்ளினால், உள்ளே நடந்த சண்டை தெருவில் தொடரும், அங்கே தடுக்க ஆள் இருக்காது. ஒரு தரப்பை அனுப்பி, அவர்கள் கிளம்பியதைப் பார்த்துவிட்டு மற்றவரை அனுப்புவதுதான் முறை. ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி அமுக்கினால், குடித்த உடம்பு மூச்சுத் திணறிச் சாகக்கூடும். "மூச்சு விட முடியல" என்று கத்துபவரால் மூச்சு விட முடிகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

வாசலைக் காப்பவர் மனதில் இருக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 2013 ஜனவரியில் ஒரு இரவு விடுதியில் தீப்பிடித்து 242 பேர் இறந்தார்கள். பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து, காவலர்கள் முதலில் சிலரை வாசலிலேயே தடுத்தார்கள். வசூலுக்காக நிறுத்தப்பட்ட ஆள், ஆபத்தில் வழியைத் திறந்துவிட வேண்டிய ஆளாகவும் இருக்க வேண்டும். இதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெண்கள் சொல்லும் புகாரை "அது அவங்களுக்குள்ள" என்று ஒதுக்குவதும் இதே வகைத் தவறுதான். "அந்தப் பக்கம் போய் உட்காருங்கம்மா" என்று தொல்லைக்கு ஆளானவரை இடம் மாற்றுகிறார்கள். தொல்லை கொடுத்தவர் அங்கேயே இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவளுடைய நண்பனோ அண்ணனோ எழுந்து போவான், பிறகு கைகலப்பு. 2016-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், கவுன்டரில் வந்து "ஆஞ்செலா இருக்காங்களா?" என்று கேட்டால் ஊழியர் புரிந்துகொண்டு உதவும் ஏற்பாடு ஒன்று தொடங்கியது. நல்ல யோசனை. ஆனால் சுவரொட்டியைக் கழிவறையில் ஒட்டிவிட்டு, இரவு வேலையில் இருக்கும் ஊழியருக்கு அதைச் சொல்லாமல் விட்டால், உதவி கேட்டு வந்தவர் இரண்டாவது முறையும் கைவிடப்படுகிறார்.

நகர நிர்வாகம் செய்யும் தவறுகள் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, எல்லா பார்களையும் ஒரே நொடியில் மூடவைத்துவிட்டு, வீட்டுக்குப் போக வண்டி இல்லாமல் அத்தனை பேரையும் ஒரே தெருவில் நிற்க வைப்பது. நேரக் கட்டுப்பாடு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. சாவ் பாலோ அருகே வேகமாக வளர்ந்த தொழில் நகரமான டியாடெமா, 2002 ஜூலையில் இரவு 11 மணிக்கு பார்களை மூட உத்தரவிட்டது. அதனால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்பது கொலைகள் தவிர்க்கப்பட்டதாகப் பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 2008-ல் மூடும் நேரத்தை முன்னே கொண்டுவந்ததோடு, அதற்குச் சில மணி நேரம் முன்பே புதிதாக யாரையும் உள்ளே விடுவதையும் நிறுத்தினார்கள். இரவுத் தாக்குதல்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நேரத்தை மாற்றும்போது பேருந்தின் நேரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இரண்டாவது தவறு, போலீஸ் கணக்கை மட்டும் நம்புவது. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் போலீசுக்குப் போவதே இல்லை, மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள். வேல்ஸின் கார்டிஃபில் முக அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜொனாதன் ஷெப்பர்ட் இதைக் கவனித்தார். அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில் மூன்று கேள்விகள் சேர்க்கப்பட்டன: எங்கே, எப்போது, எதைக் கொண்டு அடித்தார்கள். பெயர் இல்லாமல் அந்தத் தகவல் போலீசுக்கும் நகராட்சிக்கும் போனது. எந்தத் தெரு, எந்த நேரம் என்று தெரிந்ததால் காவல் அங்கே நின்றது. 2011-ல் வெளியான ஆய்வு, ஒத்த நகரங்களோடு ஒப்பிடும்போது வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 42 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. மூன்று கேள்விக்கு எந்த நகரத்திலும் பணம் இல்லாமல் போகாது.

கடைசியாக, கூடப் போகும் நண்பர்களுக்கு. காபியும் குளிர்ந்த தண்ணீரும் போதையை இறக்காது. விழிப்பைக் கொடுக்கலாம், ஆனால் ரத்தத்தில் உள்ளது மணிக்கணக்கில்தான் இறங்கும். வண்டிச் சாவியை முதல் கிளாஸுக்கு முன்பே குடிக்காதவரிடம் கொடுத்துவிடுங்கள், பிறகு கேட்டால் அதுவே தகராறாகும்.

அடி வாங்கியவர் விஷயத்தில்தான் உயிர் போகும் தவறு நடக்கிறது. ஒரே குத்தில் இறப்பவர்களில் பலர் குத்தினால் அல்ல, விழும்போது தலை தரையில் மோதுவதால் இறக்கிறார்கள். போதையில் இருப்பவர் கையை ஊன்றித் தடுக்க மாட்டார், மரம்போல விழுவார். பிறகு எழுந்து, "ஒண்ணும் இல்லடா, விடு" என்பார். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசியும் சிலருக்கு இப்படி நடுவில் தெளிவாக இருக்கும் ஒரு நேரம் வரும். நண்பர்கள் அதை நம்பி அவரை அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். தலை மோதியிருந்தால் தூங்கவைக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எழுப்பினால் எழவில்லை, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்மணி பெரிதாக இருக்கிறது, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூடவே இருந்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். போனில் "குடிச்சிட்டுப் படுத்திருக்கான்" என்று தொடங்காதீர்கள். "கீழே விழுந்து தலை அடிபட்டிருக்கு" என்று தொடங்குங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார் என்பதையும் சொல்லுங்கள்.