'லுக் ஃபார்வர்ட் டு' போட்டாச்சு, அடுத்து என்ன எழுதுவது?

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர், கொட்டேஷன் அனுப்புகிறவர், பேராசிரியருக்கு மெயில் போடுகிறவர் என்று நிறையப் பேர் முழுக் கடிதத்தையும் ஒழுங்காக எழுதிவிட்டுக் கடைசி வரியில் வந்து சறுக்குகிறார்கள். 'உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்' என்று சொல்ல நினைத்து எழுதும் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்பதுதான் அந்த வரி. 'ஹியர்' இல்லை, 'ஹியரிங்'. எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால் ஸ்பெல் செக்கும் கண்டுகொள்ளாது.

முதல் படி: அந்த 'டு' எந்த 'டு' என்று பாருங்கள். 'ஐ வான்ட் டு கோ' என்பதில் வரும் 'டு'வுக்குப் பின்னால் வெறும் வினைச்சொல் வரும். 'ஐ வென்ட் டு மதுரை' என்பதில் வரும் 'டு'வுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும். நம்முடையது இந்த இரண்டாவது வகை. அதனால் 'யுவர் ரிப்ளை', 'த மீட்டிங்' என்று ஒரு பெயரை நேராகப் போடலாம், வினைதான் வேண்டும் என்றால், 'கேள்' என்பதை நாம் 'கேட்பது' ஆக்குவது மாதிரி, 'இங்' சேர்த்து அதைப் பெயராக்கிவிட வேண்டும்.

இரண்டாவது படி: சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' சரியாக நிற்கிறது, அப்படியானால் 'இங்' வரும். 'ஐ வான்ட் டு இட்' நிற்கவில்லை, அங்கே வெறும் வினை. 'அப்ஜெக்ட் டு', 'கமிட்டெட் டு' எல்லாவற்றுக்கும் இதே சோதனை போதும். 'யூஸ்ட் டு' மட்டும் கொஞ்சம் வில்லங்கம்: 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி' என்றால் சீக்கிரம் எழுந்து பழகிவிட்டது, 'ஐ யூஸ்ட் டு கெட் அப் எர்லி' என்றால் முன்னெல்லாம் எழுந்தேன், இப்போது அந்தப் பழக்கம் இல்லை. நடுவில் இருக்கும் 'ஆம்' போனால் அர்த்தமே மாறிவிடுகிறது, பாருங்கள்.

மூன்றாவது: 'ஃபார்' வேண்டாம். 'பதிலுக்காக' என்று மனசுக்குள் ஓடுவதால் கை தானாக 'லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை' என்று அடித்துவிடும். சிலர் 'டு'வையே விழுங்கிவிட்டு 'லுக்கிங் ஃபார்வர்ட் யுவர் ரிப்ளை' என்பார்கள். இரண்டும் தப்பு.

நான்காவது, யாருக்கு எழுதுகிறீர்கள் என்பது. 'ஐ லுக் ஃபார்வர்ட்' கொஞ்சம் விறைப்பு, அலுவலகக் கடிதத்துக்குப் பொருந்தும். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்' நெருக்கமான தொனி, தெரிந்தவர்களுக்கு எழுதலாம். இரண்டையும் கலந்து 'ஐ ஆம் லுக் ஃபார்வர்ட்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், இது ஆசையாக எதிர்பார்க்கும் விஷயத்துக்கு உரிய சொற்றொடர். 'வீ ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு எ பவர் கட் டுமாரோ' என்று அப்பார்ட்மென்ட் குரூப்பில் அறிவிப்புப் போட்டால், மின்வெட்டு வரப்போகிற குஷியில் நீங்கள் இருப்பதாகத்தான் படிப்பவர்களுக்குத் தோன்றும். அங்கே 'எக்ஸ்பெக்ட்' போடுங்கள்.

பதில் குறிப்பிட்ட நாளுக்குள் வந்தே ஆக வேண்டும் என்றால் இந்த வாக்கியத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், இதில் அவசரம் தெரியாது. 'ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே' என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.