வாடகை வீட்டுச் சமையலறை, பாத்ரூம்: காசை எங்கே போடுவது?

மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடப் போகிறீர்களா? டைல்ஸ் கடைக்குக் கிளம்பும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீர் நிற்கிற இடத்தில் கை நீளட்டும். மற்ற இடங்களில் தாராளமாகக் கஞ்சத்தனம் பண்ணலாம்.

1. பாத்ரூம் தரை

டைல் ஒட்டுவதற்கு முன் வாட்டர்புரூஃபிங் அடித்து, டிரெயின் வாயை அடைத்து, 24 மணி நேரமாவது தண்ணீர் கட்டி வையுங்கள். அப்புறம் கீழ்வீட்டு சீலிங்கை அண்ணாந்து பாருங்கள். “அதெல்லாம் ஒழுகாது சார்” என்று மேஸ்திரி சொல்வார். சொல்லட்டும், நீங்கள் தண்ணீர் கட்டுங்கள்.

தரைக்குப் பளபளப்பு டைல் வேண்டவே வேண்டாம். மேட் ஃபினிஷ், ஒரு அடிக்கு ஒரு அடி போதும். டைல் சிறிதாக இருந்தால்தான் நாலு பக்கமும் டிரெயினை நோக்கி வாட்டம் எடுக்க வரும். கடையிலேயே சாம்பிள் டைலில் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார். விலை மலிவு என்று சுவர் டைலைத் தரையில் போடாதீர்கள். அது தண்ணீரை நன்றாக உறிஞ்சும், குடம் விழுந்தால் விரியும். தரைக்கென்றே வரும், சுட்டு இறுக்கிய விட்ரிஃபைட் டைல் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்குள்தான்.

வேலை முடிந்ததும் மூலையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். அது டிரெயினுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கூலியைக் கொடுங்கள்.

2. சுவரும் ஜாயிண்டும்

சுவர் டைல் பாத்ரூமில் 7 அடி உயரம், சமையல் மேடைக்கு மேல் 2 அடி. சாதாரண செராமிக் போதும். ஜாயிண்டில் வெள்ளை சிமெண்ட் பூசினால் சீக்கிரமே கறுத்துவிடும். சாம்பல் நிறத்தில் எபாக்ஸி (பிசின் கலந்த ஜாயிண்ட் பூச்சு) போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் எண்ணெயும் சோப்பும் உள்ளே இறங்காது.

3. சமையல் மேடை

கறுப்பு கிரானைட். இதில் யோசிக்கவே வேண்டாம். கடப்பா கல் மலிவு என்று நான் ஒருமுறை மேடைக்கே போட்டேன். அது சுண்ணாம்புக் கல், புளிப்பு ஆகாது. முதல் குடித்தனக்காரர் காலி செய்தபோது, எலுமிச்சை பிழிந்த இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது. அவர்மேல் என்ன தப்பு? சமைக்கத்தானே மேடை! இப்போது கடப்பாவை அலமாரித் தட்டுக்கு மட்டும் போடுகிறேன்.

சிங்க் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள், மட்டமான 202 கிரேடிலும் ஒட்டாது. பில்லில் கிரேடை எழுதி வாங்குங்கள்.

4. குழாய்

போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் டிசைன் பார்க்காதீர்கள், ஸ்பேர் கிடைக்குமா என்று பாருங்கள். நான் ஆசைப்பட்டு மாட்டிய மிக்ஸர் குழாய் ஒழுக ஆரம்பித்தபோது உள்பாகம் எங்கும் கிடைக்கவில்லை, முழுசாகவே மாற்ற வேண்டியதாயிற்று. தெருமுனை ஹார்டுவேர் கடையில் உள்பாகம் கிடைக்கிற பித்தளைக் குழாயே போதும்.

5. கதவு

பாத்ரூமுக்கு பிவிசி கதவு. ஈரத்தில் உப்பாது.

கடைசியாக, ஒவ்வொரு டைலிலும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அதே டிசைன் கடையில் இருக்காது. இருந்தாலும் வேறு பேட்ச் என்றால் நிறம் சேராது.