யெஸ்ஸா, நோவா? கருக்கலைப்பு உரிமைக்காக வீடு வீடாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2026 நவம்பர் தேர்தலுக்காகப் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்களுக்கு ஒரு ஜூம் வகுப்பு. 2023-ல் ஒஹாயோவில் இரண்டு தேர்தல்களுக்கு வீடு வீடாக அலைந்தவள் என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கேமரா திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தமிழ்ப் பையனின் டீ-ஷர்ட். 'யெஸ் ஆன் 3', அதாவது 3-ம் எண் திருத்தத்துக்கு யெஸ் போடுங்கள் என்று பெரிய எழுத்தில். 2024 பிரசாரத்தில் மிச்சமானது. எனக்குப் பகீரென்றது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், நாய் இருந்தால் கேட்டைத் திறக்காதீர்கள், சிரித்த முகத்தோடு பேசுங்கள் என்பதெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அதை விடுகிறேன்.

காரணத்தைச் சொல்லிவிட்டு, எதற்குப் போடுவது என்று சொல்லாமல் வருவது

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில், நாடு முழுவதும் கருக்கலைப்பு உரிமை தந்த 1973-ன் ரோ தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. அதன்பின் கருக்கலைப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம் ஆயிற்று. பல மாநிலங்களில் அரசியல் சட்டத் திருத்தமாகவே மக்கள் வாக்குக்கு வந்தது. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. உரிமையைக் காக்கிற விடை ஓரிடத்தில் யெஸ், இன்னோரிடத்தில் நோ. 2022 ஆகஸ்டில் கன்சாஸில் நோ போட்டவர்கள்தான் உரிமையைக் காப்பாற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மிச்சிகனில் யெஸ் போட்டவர்கள். கன்சாஸில் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், யெஸ் போட்டால்தான் பெண்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கும் என்று பலருடைய போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. குழப்பம் எங்கே இருக்கிறது என்று எதிர்த்தரப்புக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஒஹாயோவில் நடந்தது இதைவிட மோசம். 2023 ஆகஸ்ட் 8 அன்று ஒரு வாக்கெடுப்பு. இனி அரசியல் சட்டத்தைத் திருத்த 60 சதவீத வாக்கு வேண்டும் என்பது கேள்வி. நவம்பரில் வரவிருந்த கருக்கலைப்பு உரிமைத் திருத்தத்துக்கு முன்கூட்டியே வைத்த அணை அது. அதற்குப் பெயர் இஷ்யூ 1. நாங்கள் சொன்னது நோ. 57 சதவீதம் பேர் நோ போட்டு அதைத் தோற்கடித்தார்கள். அப்புறம் நவம்பர் 7. கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் வந்தது. அதற்கும் பெயர் இஷ்யூ 1! இந்த முறை யெஸ்.

கோடை முழுக்க நான் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: "இஷ்யூ 1-க்கு நோ." செப்டம்பரில் பேச்சை மாற்றினேன். கருச்சிதைவு ஆகி வருகிற பெண்ணைத் தொடவே மருத்துவர்கள் பயப்படுவதைச் சொன்னேன். பத்து வயதுச் சிறுமி சிகிச்சைக்காக ஒஹாயோவை விட்டு இண்டியானாவுக்குப் போக வேண்டியிருந்ததைச் சொன்னேன். கேட்பவர்கள் கண் கலங்கும். "மறக்காமல் ஓட்டுப் போடுங்கள்" என்று முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். நன்றாகப் பேசுகிறேன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

அக்டோபரில் முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கியது. கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், மகன் வீட்டில் இருக்கிறவர், குடியுரிமை வாங்கி அதிக நாள் ஆகவில்லை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "நீ சொன்ன மாதிரியே நேத்தே போய் நோ போட்டுட்டு வந்துட்டேன் கண்ணு" என்றார். ஃபிரிட்ஜ் கதவில், நான் ஜூலையில் கொடுத்த 'இஷ்யூ 1-க்கு நோ' அட்டை காந்தத்தில் பத்திரமாகத் தொங்கியது.

போட்ட வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் தோன்றும்.

"அதான் 56.8 சதவீதத்தில் ஜெயித்துவிட்டோமே, ஒரு ஓட்டு என்ன பெரிசு?" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எனக்குத் தெரிந்து தவறாகப் போனது ஒரு ஓட்டு. ஜூலையில் நான் கொடுத்த அட்டைகளோ நூற்றுக்கணக்கு. மிசௌரியில் 2024-ல் உரிமைத் திருத்தம் ஜெயித்தது வெறும் 51.6 சதவீதத்தில். அதே நாளில் நெப்ராஸ்காவில் இரண்டு எதிரெதிர்த் திருத்தங்கள் ஒரே சீட்டில் நின்றன. உரிமையை விரிவாக்கும் 439-ம் எண் திருத்தம் தோற்றது. கட்டுப்படுத்தும் 434 ஜெயித்தது.

மிசௌரி கதைக்கு வருகிறேன். 2024-ல் ஜெயித்த திருத்தத்தின் எண் 3. அதை ரத்து செய்து பெரும்பாலான கருக்கலைப்புகளைத் தடை செய்ய, சட்டமன்றம் 2026 நவம்பருக்கு வைத்திருக்கும் திருத்தத்தின் எண்ணும் 3. இந்த முறை உரிமையைக் காக்கிற விடை நோ. அந்தச் சட்டையோடு பையன் தெருவில் இறங்கினால் யாருக்கு வேலை செய்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பு முடிந்ததும், "சட்டையை என்னக்கா பண்றது?" என்று கேட்டான். தூங்கும்போது போட்டுக்கொள் என்றேன்.

செய்ய வேண்டியது இதுதான். மாதம், எண், விடை மூன்றையும் பேச்சின் முதல் வாக்கியத்திலும் கடைசி வாக்கியத்திலும் சொல்லுங்கள். உருக்கமான கதையெல்லாம் நடுவில். கிளம்பும் முன், "எதற்குப் போடப் போகிறீர்கள்?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பழைய அட்டை வீட்டில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். முடிந்தால் மாதிரி வாக்குச்சீட்டைச் சேர்ந்து படியுங்கள். ஒஹாயோவில் திருத்தத்தின் வாசகத்தில் 'கரு' என்று இருந்த இடத்தில், வாக்குச்சீட்டில் அச்சான சுருக்கம் 'பிறக்காத குழந்தை' என்றது. நம் பக்கத்து ஆளே சாவடியில் அதைப் படித்துத் தயங்கி நிற்பார்.

கையெழுத்துத் தாளை அலட்சியமாக நிரப்புவது

திருத்தம் வாக்குக்கு வருவதற்கே கையெழுத்து வேண்டும். ஒஹாயோவில் தேவைப்பட்டவை 4,13,487. கொடுத்தவை 7 லட்சத்துக்கும் மேல். செல்லுபடியானவை 4,95,938. மீதி எங்கே போனது? வாக்காளர் பதிவில் ஒரு முகவரி, தாளில் இன்னொன்று. ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தாளில் வேறு கவுண்டிக்காரர். பதிவே செய்யாதவர். தாளின் கடைசியில் எத்தனை கையெழுத்து என்று சேகரித்தவர் எழுத வேண்டும். அந்த எண் உண்மையான எண்ணிக்கையைவிடக் குறைந்தால் முழுத் தாளும் போச்சு. மழையில் நின்று வாங்கிய ஒரு தாள் எனக்கு அப்படிப் போயிருக்கிறது.

ஆர்கன்சாஸில் இதைவிடப் பெரிய அடி. 2024-ல் தேவைப்பட்டவை 90,704. கொடுத்தவை 1 லட்சத்துக்கும் மேல். சம்பளத்துக்கு எடுத்த சேகரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்கான சான்று உரியபடி சேர்க்கப்படவில்லை என்று சொல்லி அவர்கள் வாங்கிய கையெழுத்துகளை ஒதுக்கிவிட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றமும் 4-க்கு 3 என்று அதையே உறுதி செய்தது. கேள்வி வாக்குச்சீட்டுக்கே வரவில்லை.

பாதியைத் தாண்டினால் போதும் என்று நினைப்பது

ஃபுளோரிடா, 2024: 57 சதவீதம் யெஸ். தேவை 60. தோல்வி.

வாக்குச்சீட்டின் அடிப்பகுதியைக் காலியாக விடுவது

மேலே இருக்கிற பெரிய பெயர்களுக்குப் போட்டுவிட்டு, நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் வரிசை வரும்போது 'யாரென்றே தெரியவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். விஸ்கான்சினில் 2023 ஏப்ரலில் நடந்தது ஒரே ஒரு உச்ச நீதிமன்ற இடத்துக்கான தேர்தல். அதனால் பெரும்பான்மை மாறியது. 1849-ம் ஆண்டுச் சட்டத்தைக் கருக்கலைப்புத் தடையாக இனிச் செயல்படுத்த முடியாது என்று 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் 4-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது.

வாசலில் நின்று விவாதம் செய்வது

வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

அடுத்தவர் கதையை அவரிடம் அனுமதி கேட்காமல் சொல்வது

பெயரை மாற்றினாலும் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

குடியுரிமை இல்லாதவரை ஓட்டுப் போடக் கூப்பிடுவது

நம் ஆட்கள் மத்தியில் வேலை செய்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் இந்தத் தேர்தல்களில் வாக்கு இல்லை. ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்தில் நீட்டுகிற வாக்காளர் படிவத்தில் தெரியாமல் கையெழுத்துப் போட்டாலும் வம்புதான். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், வாக்களித்ததுண்டா, வாக்காளராகப் பதிந்ததுண்டா என்று கேட்கிறார்கள். நாடு கடத்துவது வரை போகலாம். வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டும் முன் "சிட்டிசனா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. சம்பளம் வாங்காமல் பிரசாரத்தில் உதவலாம். என் கணவர் அப்போது எச்-1பி வேலை விசாவில் இருந்தார். நவம்பர் 7 அன்று காலையிலிருந்து இரவு ஏழரை வரை வயதானவர்களைச் சாவடிக்கு ஏற்றி இறக்கினார். வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்லிக் கொடுத்தபடி அவர் கேட்டது ஒரே கேள்வி: "எதற்குப் போடப் போறீங்க?"